கேளுங்க மாமா! கையைத் திறக்கலாமா, மூடலாமா?

இந்த வாரம் முழுக்க ஜப்பானிய மாஜோங்தான். கேமரன் மலையில் திரிங்காப்பிலிருந்து ரிங்லெட் வரை எல்லாருக்கும் ஒரே சந்தேகம்: அடுத்தவர் எறிந்த காயைக் கூவி எடுத்தால் பாயிண்ட் ஏன் குறைகிறது? ஒருவர் பின் ஒருவராக வாருங்கள். கணக்கெல்லாம் டீலர் அல்லாதவர், பிறர் எறிந்த காயில் ஜெயித்ததாக வைத்துச் சொல்கிறேன். டீலர் ஜெயித்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

கே: திறந்த கை, மூடிய கை என்றால் என்ன மாமா? சுருக்கமாகச் சொல்லுங்கள். (மாணவர், திரிங்காப்)

ப: மேசையில் அடுக்கிவைத்த காய்ச் சுவரிலிருந்து நீயே எடுத்து எடுத்துக் கட்டினால் மூடிய கை. அடுத்தவர் எறிந்ததைக் கூவி எடுத்து, கட்டை மேசையில் பரப்பினால் திறந்த கை. முன்னதற்கு மதிப்பு அதிகம், பின்னதற்கு வேகம் அதிகம். இனி வருவதெல்லாம் இந்த வரிக்கு உரைநூல்.

கே: எனக்கு ரம்மி மட்டும்தான் தெரியும். இது பிடிபடுமா? (ஓய்வு பெற்ற கங்காணி, புளூ வேலி தோட்டம்)

ப: தாராளமாக. ரம்மியில் 13 சீட்டு, இதிலும் கையில் 13 காய். 34 வகை, வகைக்கு நான்கு, மொத்தம் 136. பதினான்காவது காய் வந்ததும் நான்கு கட்டும் ஒரு ஜோடியும் அமைந்தால் ஆட்டம் முடிந்தது. கட்டு என்பது தொடராகவும் இருக்கலாம், ஒரே காய் மூன்றாகவும் இருக்கலாம். பாதிப் பாடம் உங்களுக்கு முன்பே தெரியும் ஐயா. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பக்கம்.

கே: யார் எறிந்ததை வேண்டுமானாலும் எடுக்கலாமா? (கம்போங் ராஜா)

ப: மும்மைக்கு ‘பொன்’. மூவரில் யார் எறிந்தாலும் சரி. தொடருக்கு ‘சீ’. இடப்பக்கத்துக்காரர் எறிந்தால் மட்டும். நான்கு சேர்க்க ‘கான்’. ஜெயிக்கும் காய்க்கு ‘ரோன்’, அது யாரிடமிருந்தும். சீக்காரர் இடப்பக்கத்தாரோடு சண்டை போடக்கூடாது.

கே: ரோன் சொல்வதும் அடுத்தவர் காயை எடுப்பதுதானே? அப்போது கை திறந்ததாகிவிடாதா? (ஆசிரியை, பிரிஞ்சாங்)

ப: ஆகாது டீச்சர். கடைசிக் காய் எங்கிருந்து வந்தாலும் கை மூடியதாகவே எண்ணப்படும். மூடிய கைக்கே உரிய ரீச்சி, பின்ஃபு எல்லாம் உயிரோடு இருக்கும். மூடிய கையில் ரோன் அடித்ததற்கு 10 ஃபூ என்கிற சில்லறைப் புள்ளி கூடுதலாகவும் கிடைக்கும். திறந்தது வாயை மட்டும்தான், கையை இல்லை.

கே: யாக்கு, ஹான், ஃபூ... தலை சுற்றுகிறது. (தானா ராத்தா)

ப: யாக்கு என்பது ஜெயிக்க உரிமை தரும் அமைப்பு. ஹான் அந்த அமைப்பின் எடை. ஃபூ சில்லறை. 30 ஃபூவில் ஒரு ஹானுக்கு 1,000 பாயிண்ட், இரண்டுக்கு 2,000, மூன்றுக்கு 3,900, நான்குக்கு 7,700. ஐந்து ஹான், அல்லது 40 ஃபூவும் அதற்கு மேலும் உள்ள நான்கு ஹான், ‘மங்கான்’, 8,000. கீழ்ப்படிகளில் ஒரு ஹான் போனால் ஏறக்குறைய பாதி போச்சு. கையைத் திறக்கிறவர்கள் மறப்பது இதைத்தான்.

கே: பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் பெருநாள் முழுக்கக் கூவிக் கூவியே ஜெயிக்கிறார். என் மகன் போனில் அப்படிக் கூவினால், கை முடிந்தும் ஜெயிக்க விடமாட்டேன் என்கிறது. போன் பழுதா? (திரிங்காப்)

ப: போன் நலம். அங்கிள் ஆடுவது அவர் வீட்டுச் சட்டம், மகன் ஆடுவது ஜப்பானியச் சட்டம். அங்கே ஒரு யாக்காவது இல்லாவிட்டால், 14 காயும் ஜோராகச் சேர்ந்தாலும் வெற்றி இல்லை. மூடிய கைக்கு ரீச்சி என்கிற யாக்கு கைவசம் இருக்கும். முதல் கூவலிலேயே அது பறந்துவிடும். அங்கிளிடம் குரலை மட்டும் கடன் வாங்கினால் போதாது.

கே: அந்த ரீச்சி என்னதான் செய்யும்? (பிரிஞ்சாங்)

ப: மூடிய கையில் ஒரே காய் பாக்கி என்ற நிலை வந்ததும், 1,000 பாயிண்ட் குச்சியை மேசையில் வைத்து அறிவிப்பது ரீச்சி. அதற்கு ஒரு ஹான். ஒரு சுற்றுக்குள் ஜெயித்தால் ‘இப்பட்சு’ என்று இன்னொன்று, நடுவில் யாரும் கூவாமல் இருந்தால். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹான் கூட்டும் போனஸ் காய் தோரா; ஜெயித்தபின் மறைந்திருக்கும் ‘உரா தோரா’வையும் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் அறிவித்த பிறகு கையை மாற்ற முடியாது. சொன்ன சொல் சொன்னதுதான்.

கே: கையைத் திறந்தால் அடியோடு செத்துப்போகும் யாக்குகள் எவை? (மாணவி, கோலத் தெர்லா)

ப: எழுதிக்கொள். ரீச்சி, இரட்டை ரீச்சி, இப்பட்சு, மூடிய கையில் தானே எடுத்து ஜெயிக்கும் மென்சென் ட்சுமோ, கட்டெல்லாம் தொடரான பின்ஃபு, ஒரே தொடர் இருமுறை வரும் இப்பேக்கோ, அப்படி இரு இணை வரும் ரியான்பேக்கோ, ஏழு ஜோடி. உச்சியில் இருக்கும் யாக்குமான்களில் பதின்மூன்று அநாதைகள், நான்கு மூடிய மும்மைகள், ஒன்பது வாசல். இவற்றில் எதைக் குறிவைத்தாலும் உதட்டுக்குப் பூட்டு.

கே: சாகாமல் இளைத்துப்போகும் யாக்குகள்? (அதே மாணவி)

ப: ஆறு. எல்லாமே ஒரு ஹான் இளைக்கும். மூன்று இனத்திலும் ஒரே தொடர், ஒன்று முதல் ஒன்பது வரை நேர்த்தொடர், கட்டு ஒவ்வொன்றிலும் ஜோடியிலும் ஒன்று, ஒன்பது, காற்று, டிராகன் ஏதாவது வரும் சாந்தா: இவை 2-லிருந்து 1. அதையே ஒன்று, ஒன்பது மட்டும் கொண்டு கட்டும் ஜுன்சான், ஒரே இனத்தோடு காற்று, டிராகன் கலந்த ஹோனித்சு: 3-லிருந்து 2. ஒரே இனம் மட்டும் கொண்ட சின்னித்சு: 6-லிருந்து 5. கூர்ந்து பார்: பெரும்பாலும் தொடர்களை நம்பும் அமைப்புகளே இளைக்கின்றன.

கே: கவலையே இல்லாமல் திறக்கக்கூடியவை? (அதே மாணவிதான், மன்னிக்கவும்)

ப: மன்னிப்பு எதற்கு, மூன்றாவது கேள்வி கேட்பவள்தான் ஜெயிப்பாள். டிராகன், ஆட்டச் சுற்றின் காற்று, உன் இருக்கையின் காற்று ஆகிய மும்மைகளுக்கு ஒரு ஹான். எல்லாம் மும்மையான தோய்தோய்க்கு இரண்டு. சின்ன மூன்று டிராகனுக்கு இரண்டு. திறந்தாலும் மூடினாலும் இவை அசையாது. பெரிய மூன்று டிராகன் கையைத் திறந்தாலும் யாக்குமான்தான், 32,000.

கே: ஒரே கையைத் திறந்தும் மூடியும் ஆடினால் எவ்வளவு வித்தியாசம்? உதாரணம் வேண்டும். (கணக்காளர், தானா ராத்தா)

ப: இரண்டு முதல் எட்டு வரையுள்ள காய்கள் மட்டும், எல்லாம் தொடர், இருபுறமும் காத்திருப்பு. மூடி வைத்து ரீச்சி சொன்னால்: ரீச்சி, இரண்டு முதல் எட்டு என்பதற்குத் தன்யாவோ, பின்ஃபு. மூன்று ஹான், 3,900. அதே கையில் ஒரே ஒரு ‘சீ’ கூவினால் மிஞ்சுவது தன்யாவோ மட்டும், 1,000. ஒரு கூவலின் விலை 2,900 பாயிண்ட். கணக்காளருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கே: ஏன் இந்த ஓரவஞ்சனை? ஜெயித்தால் ஜெயித்ததுதானே? (ஓய்வு பெற்ற கங்காணி, மறுபடியும்)

ப: உங்களுக்கா தெரியாது ஐயா! கூடை சீக்கிரம் நிரம்பட்டும் என்று முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்தால் நிறுவையில் ஏறும், தரத்தில் இறங்கும். இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளுகிறவருக்கு நேரம் ஆகும், ஆனால் அந்தத் தேயிலைக்குத்தான் விலை. மூவர் எறிவதையும் எடுப்பவருக்குக் காய் வேகமாக வரும். அந்த வேகத்துக்குச் சட்டம் ஹானில் விலை வாங்குகிறது. ஓரவஞ்சனை இல்லை, நியாயவிலை.

கே: சின்னித்சு திறந்தால் எப்போதும் நஷ்டமா? (ரிங்லெட்)

ப: இங்கேதான் சூட்சுமம். வேறொன்றும் சேராத சின்னித்சு மூடியிருந்தால் 6 ஹான், 12,000. திறந்தால் 5, 8,000. இப்போது ஒரு தோரா சேரட்டும்: திறந்தது 6, மூடியது 7. இரண்டுக்கும் 12,000 தான்! மங்கானுக்கு மேலே படிகள் அகலம். ஒரு ஹான் குறைந்தாலும் அதே படியில் நிற்கலாம். படியை எண்ணிவிட்டுத் திற.

கே: ஹோனித்சு? (அதே ரிங்லெட்)

ப: வெள்ளை டிராகன் மும்மையோடு ஒரு ஹோனித்சு. மும்மை கையிலேயே அமைந்து, மூடியபடி தொடர் ஒன்றில் ரோன் அடித்தால் 4 ஹான், 40 ஃபூ, 8,000. டிராகனைப் பொன் கூவி எடுத்து, மற்றதெல்லாம் தொடராக இருந்தால் 3 ஹான், 30 ஃபூ, 3,900. பாதிக்கும் குறைவு. ஆனால் நான்கு காய் குறையும்போது டிராகன் எறியப்பட்டால் கூவு. 8,000 கனவைவிட 3,900 கையில் இருப்பது மேல்.

கே: ஃபூ வெறும் சில்லறை என்றீர்கள். அதற்கும் திறந்த, மூடிய பேதம் உண்டா? (கம்போங் ராஜா)

ப: உண்டு, மிகக் கறாராக. நடுக்காய் மும்மை திறந்தால் 2, மூடினால் 4. ஒன்று, ஒன்பது, காற்று, டிராகன் மும்மை திறந்தால் 4, மூடினால் 8. கான் என்றால் நடுக்காய்க்கு 8, 16. ஓரக்காய்க்கும் காற்று டிராகனுக்கும் 16, 32. திறந்த ‘இரண்டு’ மும்மைக்கு 2 ஃபூ, மூடிய டிராகன் கானுக்கு 32 ஃபூ. சில்லறையிலும் பதினாறு மடங்கு!

கே: நான்கு காயையும் நானே எடுத்துக் கான் அறிவித்து மேசையில் வைத்தேன். ‘கை திறந்துவிட்டது’ என்று மச்சான் சாதிக்கிறார். (கோலத் தெர்லா)

ப: மச்சானுக்கு இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொடுங்கள். நான்கும் உங்கள் கைக்கே வந்திருந்தால் அது மூடிய கான். கை மூடியதுதான், ரீச்சியும் சொல்லலாம். புதிய தோரா வேறு புரளும். ஆனால் அந்தத் தோரா மச்சானுக்கும் சொந்தம் என்பதை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.

கே: மூன்று மூடிய மும்மை, இரண்டு ஜோடி வைத்திருந்தேன். எதிரே இருந்தவர் என் காயை எறிந்தார். ரோன்! யாக்குமான் என்று துள்ளினேன். 8,000 தான் என்றார்கள். ஏமாற்றினார்களா? (இளைஞர், தானா ராத்தா)

ப: இல்லை தம்பி, சரியாகத்தான் கொடுத்தார்கள். கை மூடியதுதான். ஆனால் ரோனில் முடிந்த அந்த ஒரு மும்மை மட்டும் திறந்ததாக எண்ணப்படும். ஆக நான்கு மூடிய மும்மை மூன்றாகிவிட்டது. தோய்தோய் 2, மூன்று மூடிய மும்மை 2, மொத்தம் மங்கான். அந்தக் காயைச் சுவரிலிருந்து நீயே எடுத்திருந்தால் 32,000. நான்கு மும்மையும் முடிந்து ஜோடிக்குக் காத்திருந்தால் ரோனிலும் 32,000. துள்ளுவதற்கு முன் காத்திருப்பைப் பார்.

கே: அப்படியானால் கையைத் திறக்கவே கூடாதா? (பிரிஞ்சாங்)

ப: யார் சொன்னது? டிராகன் ஜோடி இரண்டு, மேலும் இரண்டு ஜோடி கையில் இருக்கிறது. கூவிக்கொண்டே போ! தோய்தோய் 2, இரு டிராகன் 2, நான்கு ஹான். ஃபூ கூட்டினால் 32, மேல்நோக்கி 40. மங்கான், 8,000. எல்லாக் கட்டையும் திறந்தும் ஒரு பைசா நஷ்டமில்லை. மூடிவைத்துத் தவம் செய்கிறவர் எழுந்திருக்கும் முன் ஆட்டம் முடிந்துவிடும்.

கே: கடைசி ஆட்டம், நான் முன்னணியில் இருக்கிறேன். கையில் அழகான மூடிய அமைப்பு. என்ன செய்வது? (கணக்காளர், தானா ராத்தா)

ப: யாக்கு கிடைத்தால் உடனே திறந்து, 1,000 பாயிண்டில் முடி. முன்னணியில் இருப்பவருக்கு அழகு தேவையில்லை, முடிவு தேவை. கடைசி இடத்தில் இருப்பவர்தான் மூடி வைத்துப் பெரிதாகக் கட்ட வேண்டும். நாற்காலியைப் பார்த்து ஆடு.

கே: திறந்தால் பாயிண்ட் தவிர வேறென்ன நஷ்டம்? (வாசகி, புளூ வேலி தோட்டம்)

ப: தப்பிக்கும் வழி. மூன்று முறை கூவினால் கையில் மிஞ்சுவது நான்கே காய். எதிராளி ரீச்சி சொன்னதும் ஆபத்தில்லாத காய் எறியத் தேட வேண்டும். 13-ல் தேடுவது வேறு, நாலில் தேடுவது வேறு. போதாததற்கு, உங்கள் ஒன்பது காய் மேசையில் படுத்துக்கொண்டு உங்கள் எண்ணத்தை ஊருக்கே சொல்லும்.

கே: மூடிய கை, ஆனால் ரீச்சியும் சொல்லவில்லை. இது என்ன ரகம்? (மாணவர், திரிங்காப்)

ப: ‘தமட்டேன்’. கமுக்கமாகக் காத்திருப்பது. தன்யாவோ, பின்ஃபு மாதிரி வேறு யாக்கு கையில் இருந்தால் ரோனும் அடிக்கலாம். ரீச்சியின் ஒரு ஹான் போகும், ஆனால் யாரும் உஷாராக மாட்டார்கள். கையையும் மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே பெரிய கை என்றால் வாயைத் திறக்காதவன் புத்திசாலி.

கே: முன்பு நான் எறிந்த காயே இப்போது எனக்கு வேண்டியதாகிவிட்டது. எதிராளி எறிந்தால் எடுக்கலாமா? (கம்போங் ராஜா)

ப: கூடாது, அதன் பெயர் ‘ஃபுரிட்டன்’. கை திறந்ததோ மூடியதோ, ரோன் இல்லை. சுவரிலிருந்து நீயே எடுத்தால் ஜெயிக்கலாம். மூடிய கைக்கு அப்போது ட்சுமோவே ஒரு யாக்காகும். திறந்த கைக்கு வேறு யாக்கு இருந்தாக வேண்டும். சறுக்கினாலும் மூடிய கைக்கு ஒரு பிடி மிச்சம்.

கே: சீனாவிலும் இப்படித்தானா? (பிரிஞ்சாங்)

ப: அங்கே கதை வேறு. 1998-இல் சீன அரசின் விளையாட்டு அமைப்பு வகுத்த போட்டிச் சட்டத்தில் மூடிய கைக்கு 2 புள்ளி, அதையும் தானே எடுத்து முடித்தால் 4. ஆனால் நான்கு கட்டையும் அடுத்தவரிடமே எடுத்து, ஜெயித்த காயும் அடுத்தவருடையதாக இருந்தால் 6! மற்ற அமைப்புகளில் பெரும்பாலானவை திறந்ததால் இளைக்காது. திறந்த கையைத் தண்டிப்பது மாஜோங்கின் பிறவிக்குணம் அல்ல, ஜப்பானியர் வகுத்த நியதி.

கே: ஜப்பானியரிடம் இது எப்போது வேரூன்றியது? (தானா ராத்தா)

ப: சீனாவிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போனது. நம் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய அதே 1929-இல் அங்கே மாஜோங் சம்மேளனம் பிறந்தது. முதல் தலைவர் எழுத்தாளர் கிக்குச்சி கான். 1935-இல் அகுதாகவா பரிசை நிறுவியவரும் அவர்தான். ரீச்சி பரவியது போருக்குப் பிறகு. மூடிய கைக்கு மவுசு கூடியதும் அப்போதுதான்.

கே: கேமரன் மலைக்கு நீண்டகாலம் தங்க வரும் ஜப்பானியப் பெரியவர்களோடு ஒரு கை பார்க்க ஆசை. முதலில் என்ன கேட்பது? (ரிங்லெட்)

ப: வணக்கம் சொல்லிவிட்டு மூன்று கேள்வி. திறந்த தன்யாவோ செல்லுமா? தோராவாக எண்ணப்படும் சிவப்பு ஐந்து உண்டா? தொடக்கப் பாயிண்ட் 25,000 தானா? முதல் கேள்விதான் உயிர்நாடி. சில மேசைகளில் தன்யாவோ மூடிய கைக்கு மட்டும். கேட்காமல் உட்கார்ந்து இரண்டு ‘சீ’ கூவிவிட்டால், முடிந்த கையோடு முழிக்க வேண்டியதுதான்.

கே: நாங்கள் மூன்று பேர்தான். ஜப்பானிய முறையில் முடியுமா? (தோட்டத்து இளைஞர்கள், புளூ வேலி)

ப: ‘சன்மா’ இருக்கிறதே! எழுத்துக் காய்களில் இரண்டு முதல் எட்டு வரை நீக்கி 108 காயில் ஆடுவது. அதில் ‘சீ’ கிடையவே கிடையாது, பொன்னும் கானும் மட்டும். வடக்குக் காற்றை ஒதுக்கி வைத்துத் தோராவாக்கும் வழக்கத்தில், அதனால் கை திறந்ததாகாது. நாலாவது ஆளைத் தேடி அலைய வேண்டாம், ஆரம்பியுங்கள்.

கே: காசு வைத்து ஆடினால்தானே சுவை? (பெயர் வேண்டாம், திரிங்காப்)

ப: பெயரை மறைத்ததிலேயே பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் நாட்டில் 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டம் நடப்பில் உள்ளது. ஜப்பானில் 2018-இல் தொடங்கிய எம் லீக்கில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்தயம் இல்லாமல்தான் ஆடுகிறார்கள். 1,000-க்கும் 3,900-க்கும் நடுவே முடிவெடுப்பதில் இருக்கும் சுவை வெள்ளி நோட்டில் இல்லை. சம்பளக் கவர் வீட்டுக்குப் போகட்டும்.

கே: மகள் எந்நேரமும் இதே ஆட்டம். படிப்பு கெடாதா மாமா? (தாய், கோலத் தெர்லா)

ப: ஹானையும் ஃபூவையும் மனக்கணக்காகச் சொல்கிறாளா? அப்படியானால் கணக்கு நன்றாக வரும் பிள்ளை. வீட்டுப்பாடம் முடிந்தபின் ஒரு ஆட்டம் என்று வரம்பு வையுங்கள் தாயி. கூடவே உட்கார்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். அம்மா எதிரே உட்கார்ந்தால் எந்த ஆட்டமும் தானாகச் சுருங்கும்.

கே: கடைசியாக, மனதில் பதிய ஒரு விதி சொல்லுங்கள். (மாணவர், திரிங்காப்)

ப: திறந்த கை குற்றமில்லை. கணக்குப் பார்க்காமல் திறப்பதுதான் குற்றம். கூவும் முன் மூன்றைக் கேள்: கூவிய பிறகும் என்னிடம் யாக்கு இருக்குமா? எத்தனை ஹான் போகும்? அதற்கு ஈடாக எவ்வளவு வேகம் கிடைக்கும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் மலை அதிரக் கூவு. ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால் வாயை மூடி, அடுத்த காயை எடு.